தாழ்மைக்கு யாக்கோபு: பிரிக்பீல்ட்ஸ் வேதபாட வகுப்பு பற்றி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு தமிழ்த் திருச்சபை, வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில் வரும் யாக்கோபின் வாழ்க்கையிலிருந்து தாழ்மையைக் கற்பது என்ற பொருளில் 6 வார வேதபாட வகுப்பொன்றை வியாழக்கிழமை மாலைகளில் நடத்தி முடித்திருக்கிறது. சபை உறுப்பினர் அல்லாதவர்களும் சேர முடிந்தது. கட்டணம் 30 வெள்ளி (ரிங்கிட்). அச்சிட்ட பாடக்குறிப்பும், இடைவேளையில் தேநீரும் மீகூனும் அதில் அடக்கம். தாழ்மை என்று தலைப்பு வைத்தாலே அறிவுரை மழைதான் பொழியும் என்று எண்ணிப் போனவர்களுக்கு இந்த வகுப்பு வேறொன்றைக் கொடுத்தது. பாடம் நடத்தியவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். "நீங்கள் தாழ்மையாக இருங்கள்" என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஆதியாகமத்தின் வசனங்களை வரிசை மாறாமல் வாசிக்க வைத்து, யாக்கோபு என்ன செய்தான், அப்போது எங்கே நின்றான் என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டு வாரங்களில் புதிதாக எதுவும் இல்லை. அண்ணன் ஏசாவிடம் பயற்றங்கூழுக்கு மூத்த பிள்ளையின் உரிமையை வாங்கியது, வெள்ளாட்டுக்குட்டித் தோலைக் கையில் போர்த்திக்கொண்டு தன்னை ஏசா என்று சொல்லி, கண் மங்கிய தகப்பன் ஈசாக்கை ஏமாற்றியது, பெத்தேலில் கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கியது எல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டவைதான். பெத்தேலில் யாக்கோபு செய்த பொருத்தனையை (நேர்ச்சையை) ஆசிரியர் நிறுத்தி வாசிக்கச் சொன்னது மட்டும் நன்று: உணவும் உடையும் தந்து, தகப்பன் வீட்டுக்குச் சமாதானத்தோடு திரும்பச் செய்தால் கர்த்தர் என் தேவனாயிருப்பார் என்று, தரிசனம் கண்ட கையோடு கடவுளிடமே பேரம் பேசுகிற மனிதன் அவன். தாய்மாமன் லாபான் வீட்டில் அவன் வேலை செய்து கழித்த 20 ஆண்டுகளை, மாமனின் இரண்டு மகள்களை மணப்பதற்காக 14, மந்தைக்காக 6 என்று பிரித்துக் காட்டி, ஏமாற்றியவன் ஏமாற்றப்பட்ட கதையாக அதைச் சுருக்கமாகவே முடித்தார்.

வகுப்பின் உயிர் நான்காவது வாரத்தில்தான் இருந்தது. 400 பேரோடு ஏசா வருகிறான் என்று கேட்டுப் பயந்த யாக்கோபு, அண்ணனுக்கு அனுப்பிய வெகுமதியை வெள்ளைப் பலகையில் ஒவ்வொன்றாக எழுதச் சொன்னார் ஆசிரியர்: வெள்ளாடுகள் 220, செம்மறிகள் 220, பால் கொடுக்கிற ஒட்டகங்கள் 30, மாடுகள் 50, கழுதைகள் 30. ஒட்டகக் குட்டிகளைச் சேர்க்காமலே 550 உருப்படிகள். இவற்றை மந்தை மந்தையாகப் பிரித்து, நடுவே இடைவெளி விட்டு, ஒவ்வொரு வேலைக்காரனும் "உமது அடியானாகிய யாக்கோபுடையவை" என்று சொல்ல வேண்டுமென்று பாடமும் சொல்லிக்கொடுத்து முன்னே அனுப்பிவிட்டு, தான் பின்னால் தங்கிக்கொள்கிறான். வாயில் "அடியான்" இருக்கிறது, மனத்தில் கணக்கு இருக்கிறது. ஆனால் அதே அதிகாரத்தில், கோலும் கையுமாய் யோர்தானைக் கடந்த நான் இத்தனை தயவுக்குப் பாத்திரன் அல்ல என்று அவன் ஜெபித்ததும் இருக்கிறது. இவற்றில் எது உண்மை என்று ஒருவர் கேட்டதற்கு, இரண்டும் ஒரே இரவில் ஒரே ஆளிடம் இருந்தன என்று மட்டும் ஆசிரியர் பதில் சொன்னார். வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பதில் அது.

அன்றிரவு யாப்போக்கு ஆற்றுத் துறையில் ஒரு மனிதனோடு யாக்கோபு நடத்திய போராட்டத்தைப் பலரும் திருப்புமுனையாகப் பிரசங்கிப்பார்கள். ஈசாக்கு "நீ யார்" என்று கேட்டபோது "ஏசா" என்றவன், இங்கே பெயர் கேட்கப்பட்டபோது "யாக்கோபு" என்றான் என்ற ஒப்பீடும் மேடைகளில் அடிக்கடி கேட்பதுதான். ஆசிரியர் அதைச் சொல்லிவிட்டு உடனே மறுநாள் காலைக்குப் போனது எனக்குப் பிடித்தது. முந்தைய நாள் பின்னால் நின்றவன், தொடைச்சந்து சுளுக்கி நொண்டிக்கொண்டே எல்லாருக்கும் முன்னால் நடந்து, ஏழு தரம் தரைமட்டும் குனிந்து வணங்குகிறான். அத்தோடு அவன் திருந்திவிடவும் இல்லை. ஏசாவின் ஊரான சேயீருக்குப் பின்னாலேயே வருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு சுக்கோத்துக்குத் திரும்பிவிடுகிறான். பிள்ளைகளில் யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கி தைத்துக் கொடுத்து, கடைசியில் ஆட்டு இரத்தம் தோய்ந்த அந்த அங்கியாலேயே தானும் ஏமாறுகிறான். தாழ்மை ஓரிரவில் வந்துவிடும் என்ற எளிய கதையை இந்த வகுப்பு விற்கவில்லை, அதற்காகவே 30 வெள்ளி தகும்.

குறைகளும் உண்டு. ஏசாவைச் சந்திக்க யாக்கோபு குடும்பத்தை அணிவகுத்தபோது பணிவிடைக்காரிகளான பில்காளும் சில்பாளும் அவர்கள் பிள்ளைகளும் முதலிலும், அவன் நேசித்த மனைவி ராகேலும் யோசேப்பும் கடைசியிலும் நிறுத்தப்பட்டார்கள். "சார், ஆபத்து வந்தால் முதலில் சாகப்போவது பில்காளும் சில்பாளும்தானே, இவர் கற்ற தாழ்மையால் அவர்களுக்கு என்ன கிடைத்தது?" என்று ஓர் அக்கா கேட்டார். நல்ல கேள்வி. "அதைப் பிறகு பார்ப்போம்மா" என்றார் ஆசிரியர். பிறகு பார்க்கவே இல்லை. யாக்கோபின் மகள் தீனாளைப் பற்றிய 34ஆம் அதிகாரம் முழுவதுமாகத் தாண்டப்பட்டது. இறுதி வாரத்தில் சாட்சி சொல்லும் நேரம் நீண்டுபோனதால் முதிய வயதில் யாக்கோபு எகிப்துக்குப் போகும் பகுதி அரைமணி நேரத்தில் ஓடி முடிந்தது. 130 வயதில் பார்வோன் முன் நின்று, தன் நாட்கள் கொஞ்சமும் சஞ்சலமுமானவை, தன் பிதாக்களின் வயதை அவை எட்டவில்லை என்று யாக்கோபு சொல்லும் இடமே தனி வாரம் கேட்கும். ஒரு காலத்தில் எல்லாவற்றிலும் முந்த நினைத்தவன் இப்படிப் பேசுகிறானே என்று நிறுத்திக் கேட்க நேரமில்லாமல் போனது வருத்தம்.

பாடக்குறிப்பின் எழுத்து மிகச் சிறியது. மூக்குக் கண்ணாடி இல்லாமல் போனால் பயனில்லை. தமிழ் வாசிக்கத் தடுமாறும் இளையோருக்கென்று தனிப் படி எதுவும் இல்லை, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர்கள் வாசித்துக் காட்டினார்கள். வாகனத்தில் வருவோர் ஜாலான் துன் சம்பந்தனில் நிறுத்துமிடம் தேடி அலைவதைவிட, கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து வருவதே மேல். அடுத்த தொடர் யோசேப்பைப் பற்றியது என்றார்கள். சாட்சி நேரத்துக்கு ஒரு கடிகாரம் வைத்தால் அதற்கும் பெயர் கொடுப்பேன்.