வேகத்தில் குறையில்லை, ஹெல்ப் திரையில்தான் கோபம்

நான் கமாண்ட் லைனில், அதாவது கட்டளைகளை டைப் செய்து, பயன்படுத்தும் பேக்கப் கருவிக்கு மாறலாமா என்று நண்பர் கேட்டார். அதன் வேகம், வசதிகள் எல்லாம் அவருக்கே தெரியும். பல வருடங்களாகத் தினமும் ஓட்டுகிறேன், ஒரு ஃபைலைக்கூட அது தொலைத்ததில்லை. எனக்கு எரிச்சல் வருவது அதன் ஹெல்ப் திரையைத் திறக்கும்போதுதான்.

கட்டளையோடு தரும் ஒரு ஆப்ஷனின் விளக்கம் முற்றுப்புள்ளியோடு முடிகிறது, அடுத்தது இல்லாமல் முடிகிறது. எது சரி என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. பைத்தான் மொழியில் கட்டளை ஆப்ஷன்களைக் கையாளும் ஆர்க்பார்ஸ் தானாகச் சேர்க்கும் ஹெல்ப் வரியில் புள்ளி கிடையாது. ரஸ்ட் மொழியில் அதே வேலையைச் செய்யும் கிளாப், நாம் டாக் கமெண்ட்டில் (நிரலுக்குள் எழுதும் விளக்கக் குறிப்பில்) புள்ளி வைத்தாலும் சுருக்க விளக்கத்தில் அதை நீக்கிவிடும். ஏதோ ஒன்றை முடிவு செய்து அதிலேயே நிற்கிறார்கள், அது போதும்.

கமாண்ட் லைனில் ஒற்றைப் புள்ளிக்கு, இப்போது இருக்கும் டைரக்டரி என்று பொருள். வாக்கியக் கடைசியில் ஒரு கட்டளையை எழுதி, எழுத்துருவும் மாற்றாமல் புள்ளி வைத்தால் அது வாக்கியத்துடையதா, கட்டளையுடையதா? ஃபைல்களை அழிக்கவும் தெரிந்த ஒரு கருவியில் இந்தச் சந்தேகம் வரவே கூடாது.

அப்புறம், கட்டளையை எப்படி எழுத வேண்டும் என்று காட்டும் வரியின் அடைப்புக்குறிகள். சதுர அடைப்பு என்றால் விட்டுவிடலாம், கோண அடைப்பு என்றால் நாம் நிரப்ப வேண்டும், மூன்று புள்ளி என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தரலாம். யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான பாசிக்ஸ் தரத்திலேயே இது இருக்கிறது. இங்கோ ஒரு துணைக் கட்டளையில் கோண அடைப்பு, இன்னொன்றில் வெறும் பெரிய எழுத்து, ஃபைல்களை மீட்கும் ரீஸ்டோரில் கட்டாயம் தர வேண்டிய பெயரே சதுர அடைப்புக்குள். இது தவறான தகவல், நடைக் குறை என்று ஒதுக்க முடியாது.

இணைய ஆவணம் இன்னும் மோசம். இரட்டை ஹைஃபன் ஒரே நீளக் கோடாகிவிடுகிறது, மேற்கோள்கள் வளைந்துவிடுகின்றன. நம் கட்டளையைப் படித்து இயக்கும் ஷெல், வளைந்த மேற்கோளை மேற்கோளாகவே எடுத்துக்கொள்ளாது, இடைவெளி உள்ள ஃபைல் பெயர் இரண்டாக உடையும். மேன் பக்கம் (கட்டளைக்கான கையேட்டுப் பக்கம்) எழுதுபவர்கள் ஆப்ஷனின் ஹைஃபனுக்கு முன் பின்சாய்கோடு போடுவதே அது வேறு குறியாக மாறிவிடாமல் இருக்கத்தான். எல்லாவற்றையும் திருத்தி, அந்த மாற்றங்களை ஒரு பேட்ச்சாகக் கருவியை உருவாக்குபவர்களுக்கு அனுப்பினேன். அழகு விஷயம் என்று மூடிவிட்டார்கள்.

இதைவிட நல்ல பேக்கப் கருவி எனக்குத் தெரியாது. இருந்தும் நண்பரிடம் மாற வேண்டாம் என்றே சொன்னேன். ஃபைல்கள் போய்விட்ட பதற்றத்தில்தான் ரீஸ்டோர் ஹெல்ப்பைத் திறப்பார், அந்த ஒரு வரியையாவது அவர் அப்படியே நம்பி டைப் செய்ய முடிய வேண்டும்.