பாக் வந்த வீடு எது? ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பம் விமர்சனம்

பாட்டு வரி இல்லாத இசைக்குப் பொருள் கற்பிக்கப் பிடிக்குமா? இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) அதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். மொத்தம் பத்து உருப்படிகள், தியாகராஜருக்கும், ஜெர்மானிய இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக் என்பவருக்கும் காணிக்கை. “என்ன பேர் வைக்க?” என்று ஆல்பத்தின் பேரிலேயே கேட்டுவிட்டு, உள்ளே ஒவ்வொன்றுக்கும் குறும்பாகப் பேர் வைத்திருக்கிறார். ‘டோன்ட் கம்பேர்’ என்றுகூட ஒன்று உண்டு. ஒப்பிடாதே என்றால்தானே ஒப்பிடத் தோன்றும்!

முதல் தடவை தலைப்பைப் பார்க்காமல் கேளுங்கள். படித்துவிட்டால், காது அதற்குச் சாட்சி தேடக் கிளம்பிவிடும்.

ஆல்பத்தின் உச்சம் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’. தனி வயலினுக்காக பாக் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் (பல உருப்படிகள் கோத்த இசைத்தொகுப்பு) முன்னிசைதான் இதில் விருந்தாளி. மூலம் 138 பார் (தாளக் கட்டம்). ஒவ்வொன்றிலும் மூன்று தட்டு, பெரும்பாலும் தட்டுக்கு நான்கு ஸ்வரம். மூச்சு விட இடமில்லாத ஓட்டம். மூலத்தில் ஓர் இடம்: ஒரே ஸ்வரத்தைத் திறந்த தந்தியிலும், பக்கத்துத் தந்தியில் விரல் வைத்தும் மாறிமாறி வாசிக்க வேண்டும். சுருதி ஒன்றுதான், ஆனால் ஒன்று பளிச்சென்று கேட்கும், மற்றது கொஞ்சம் மூடினாற்போல். வாசலில் ஒருவரும் உள்ளறையில் ஒருவரும் ஒரே சொல்லைச் சொல்வதுபோல.

இதே ஸ்வரங்களை பாக்கே 1731இல் நகர மன்றப் பதவியேற்புக்கான கான்டாட்டா (வாத்தியங்களோடு குரல்கள் பாடும் படைப்பு) ஒன்றில் ஆர்கனுக்குக் கொடுத்து, எக்காளமும் முரசும் சேர்த்தார். தனியாள் ஓட்டம் ஊர்வலமாகிவிட்டது. ஸ்வரத்துக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைக்கிறோமோ, அதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. ராஜா உட்கார வைத்தது நம் ஊர்க் கமகம் பேசும் தந்திக் குழுவை. வி.எஸ். நரசிம்மனின் வயலின் இரண்டு மொழியையும் கொச்சையில்லாமல் பேசுகிறது.

இந்த ஆல்பத்தின் இசையைத்தான் பாலு மகேந்திரா பிறகு ‘வீடு’ (1988) படத்துக்கு எடுத்துக்கொண்டார். படம் பார்த்தவர்களுக்கு இந்த வயலின் என்றாலே பாதியில் நிற்கும் செங்கல் சுவர்தான். அந்தச் சுவரைத் தாண்டி வேறொன்றைக் கற்பனை செய்வது சிரமம். படம் பார்க்காதவர்கள் ஒருவகையில் கொடுத்துவைத்தவர்கள்.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் செல்லோவும் பேஸும் கரைந்துபோய் வயலின் மட்டும் மிஞ்சும். விருந்தாளி இருப்பார், வீடு இருக்காது. ஹெட்ஃபோன் அவசியம். ஷஃபிளையும், ஒன்று முடியுமுன் அடுத்ததைக் கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள். அடுத்து வரும் ‘...அண்ட் வி ஹேட் எ டாக்’ (...பிறகு பேசிக்கொண்டிருந்தோம்) தலைப்பின் முன்னால் புள்ளிகள் இருப்பது சும்மா அல்ல. முந்தைய தலைப்பின் மிச்ச வாக்கியம் அது. இடையில் வேறொன்று புகுந்தால் பேச்சு அறுந்துவிடும்.

‘மேட் மாட் மூட் ஃபியூக்’ மட்டும் முதல் தடவையில் பிடிபடாது. ஃபியூக் என்றால் ஒரு குரல் தொடங்கிய வரியை, வழக்கமாக, இன்னொரு குரல் ஐந்தாம் ஸ்வரமான பஞ்சமத்தை ஆதாரமாக வைத்து எடுக்கும். முதல் குரலோ நிறுத்தாமல் தன் பாட்டுக்குப் போகும். புதிய குரலின் பின்னால் ஓடாமல் பழைய குரலையே பிடித்துக்கொண்டு கேட்டால், கூட்டுக்குடும்பச் சமையலறை இரைச்சல்போல் இருந்தது மெல்லப் பிரிந்து விளங்கும்.