பிராய்லரா, லேயரா: முதல் பண்ணைக்கு எது சரி?

கோழிப்பண்ணை போட நினைப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே லாபக் கணக்கில் இறங்கிவிடுகிறார்கள். போட்ட பணம் திரும்பி வரும்வரை எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும் என்பதை அதற்கு முன்னால் பார்க்க வேண்டும். கறிக்கோழிக்கும் (பிராய்லர்) முட்டைக்கோழிக்கும் (லேயர்) உள்ள பெரிய வித்தியாசமே அங்கேதான் இருக்கிறது.

கறிக்கோழியில் பணம் சீக்கிரம் சுற்றும். சுமார் 40 கிராம் எடையில் வரும் ஒரு நாள் குஞ்சு ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். ஒரு கிலோ எடை ஏற ஏறத்தாழ 1.6 முதல் 1.8 கிலோ தீவனம் போதும். ஆடு, மாடு எதுவும் இதன் கிட்டே வராது. விற்று முடித்ததும் கொட்டகையைக் கழுவி, கிருமிநாசினி அடித்து, இரண்டு வாரம் காயவிட்டு அடுத்த பேட்ச் இறக்கலாம்.

ஆனால் அந்த வேகமே அதற்கு எமனாகவும் ஆகிறது. சதை போடுகிற வேகத்துக்கு இதயமும் காலும் ஈடுகொடுப்பதில்லை. வயிற்றில் நீர் கோத்துச் சாகும், நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது என்பதால், மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும். விற்பனை எடைக்கு வந்த கோழிகள் ஒரே வெயில் மதியத்தில் கொத்தாகச் செத்துவிழலாம், அதுவும் தீவனச் செலவு முழுவதும் முடிந்த பிறகு. விலை இறங்கியிருக்கிறதே என்று நிறுத்தி வைக்கவும் வழியில்லை. வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் தீவனம் கரையும்.

முட்டைக்கோழி 18 முதல் 20 வாரத்தில்தான் முட்டையிடத் தொடங்கும். அதுவரை செலவு மட்டும்தான். அப்புறம் ஒரு கோழி நாளுக்கு 110 கிராம் அளவுக்குத் தீவனம் தின்று, வருடத்துக்கு 300 முட்டை வரை தரும். தினமும் கையில் காசு புழங்கும், விலை சரியில்லை என்றால் முட்டையைச் சில நாள் வைத்தும் விற்கலாம். ஆனால் சில மணி நேரம் தண்ணீர் நின்றாலே முட்டை குறையும், பழைய நிலைக்குத் திரும்ப நாளாகும்.

முட்டைக்கோழியைக் கூண்டில் அடைத்து வளர்க்கும் முறையை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு ஏ4 தாள் அளவு இடம்கூட இல்லாமல், இறக்கையை விரிக்க முடியாமல் ஒரு உயிர் ஆயுள் முழுக்க நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இப்படிப்பட்ட வெற்றுக் கூண்டுகளை 2012இல் தடை செய்தது. ஆழ்கூளத்தில், அதாவது தரையில் உமியோ மரத்தூளோ தடிமனாகப் பரப்பி, வளர்த்தால் வேலை கூடும், அழுக்கு முட்டையும் கூடும். இருந்தாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

தீவனம் மொத்தச் செலவில் 60 முதல் 70 சதவீதம் என்பதும், பறவைக் காய்ச்சல் வந்தால் பண்ணையையே அழிக்க வேண்டும் என்பதும் இரண்டுக்கும் பொது. அம்மோனியா நெடியும் ஈயும் அப்படித்தான். கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள்: உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், உடனே கிளறிக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் சிறிய கறிக்கோழி பேட்சில் தொடங்குவதே நல்லது. குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் புரூடர் விளக்கின் அடியில் குஞ்சுகள் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஒதுங்கினால் சூடு அதிகம் என்று கண்ணாலேயே படிக்க இரண்டு மூன்று பேட்ச் போதும். ஐந்து மாதத் தீவனத்துக்கான பணம் கடன் இல்லாமல் கையில் இருந்தால் மட்டும் லேயர் பக்கம் போகலாம்.