சுண்ணாம்பு மண்ணும் புளிப்பு மண்ணும்: ஐடஹோ சமவெளியும் நுவரெலியாச் சரிவும்

நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில் மரக்கறி செய்யும் என் தாய்மாமன், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து உருளைக்கிழங்கு அறுவடையைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை சமதரை. இயந்திரம் புரட்டிப் போடும் மண் சாம்பல் வெளுப்பாக இருக்கிறது. அது சுண்ணாம்பு மண் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "சுண்ணாம்பு கூடினதாலதானே மருமகன் அங்க கிழங்கு அப்படி விளையுது? நாங்களும் டொலமைட்டை இரண்டு பங்காப் போட்டா என்ன?" என்றார். டொலமைட் என்பது மண்ணின் புளிப்பைக் குறைக்க இடும் ஒருவகைச் சுண்ணக்கல் தூள். இரண்டு மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த விளைச்சல் சுண்ணத்தால் வருவதன்று, சுண்ணம் இருந்தும் வருவது என்பது தெரியும்.

அவர் பார்த்தது பெரும்பாலும் போர்ட்நஃப் எனப்படும் மண்ணாக இருக்கலாம். மாநிலத்தின் தெற்கே, ஸ்நேக் ஆற்றுச் சமவெளியில் ஏறத்தாழ 2,90,000 ஏக்கரில் அது பரந்திருக்கிறது. அடியில் கிடப்பது எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் பாறை. ஆனால் மேலே உள்ள மண் அந்தப் பாறை உக்கி வந்ததன்று. காற்று பல்லாயிரம் ஆண்டுகளாக அள்ளி வந்து கொட்டிய நுண்தூளே அதன் பெரும்பகுதி, சுண்ணமும் அந்தத் தூளோடு சேர்ந்தே வந்தது. ஆண்டு மழை ஏறத்தாழ 250 மில்லிமீட்டர் மட்டுமே என்பதால், அந்தச் சுண்ணத்தைக் கரைத்து ஆழத்துக்குக் கொண்டுபோக நீர் போதவில்லை. ஆகவே அது ஓர் அடி, ஒன்றரை அடி ஆழத்திலேயே தங்கி, மணற்சத்தான சிலிக்காவோடு சேர்ந்து வெளிறிய, பாதி இறுகிய ஒரு படையாக நிற்கிறது. அந்தப் படை நீரை அதிகம் தடுப்பதில்லை. ஆனால் வேர் அதற்குள் இறங்கத் தயங்கும்.

நம்முடைய மண்ணின் வரலாறு இதற்கு நேர்மாறானது. இலங்கையின் மலைநாட்டில் எரிமலைப் பாறை இல்லை. மிகப் பழைய உருமாறிய பாறைகள் நின்ற இடத்திலேயே உக்கி, ஆழமான செம்மஞ்சள் பொட்சோலிக் மண்ணாக மாறியுள்ளன. நுவரெலியாவில் ஆண்டுக்கு 1,900 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அந்த மழை காலங்காலமாகக் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் எஞ்சின. மண்ணின் நிறமும் புளிப்பும் அங்கிருந்தே வந்தன. பி.எச். என்பது புளிப்பைக் காட்டும் அளவு; 7க்குக் கீழே போகப் போகப் புளிப்பு கூடும். போர்ட்நஃப் மண்ணின் பி.எச். அளவு 8ஐ ஒட்டியிருக்க, நம் தேயிலை மலைகளில் அது பெரும்பாலும் 4.5க்கும் 5.5க்கும் இடையில் நிற்கிறது. மூன்று எண்தானே என்று எண்ணக்கூடாது: பி.எச். அளவுகோலில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு என்பதால், 5க்கும் 8க்கும் இடையில் இருப்பது ஆயிரம் மடங்கு வேறுபாடு. ஆய்வுகூடம் இல்லாமலே இதைப் பார்க்கலாம். சுண்ண மண்ணில் வினாகிரியை ஊற்றினால் சோடாப் போத்தல் திறந்ததுபோல் நுரைக்கும். நம் செம்மண்ணில் ஊற்றினால் உறிஞ்சிக்கொண்டு சும்மா கிடக்கும்.

பொசுபரசு விடயத்தில் மட்டும் இரண்டு மண்ணும் ஒரே குற்றத்தை இரண்டு வழியில் செய்கின்றன. அங்கே இடப்படும் பொசுபரசைக் கல்சியம் பிடித்து வைத்துக்கொள்கிறது; இங்கே இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. காசு கொடுத்து வாங்கிய பசளையின் ஒரு பகுதி, பயிர் தொடுவதற்கு முன்னரே மண்ணுக்குள் பூட்டப்படுகிறது. அதற்கு மேல், சுண்ண மண்ணில் இரும்பும் துத்தநாகமும் எளிதில் கரையாமையால், இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் வெளிறுவது அங்கே தெரிந்த நோய்க்குறி. கிழங்கின் தோலில் சொறி பிடிக்கும் நோயும் பி.எச். ஏற ஏறக் கூடும். அங்கே பெருமளவில் நடப்படும் ரசட் பர்பேங்க் இனத்தின் தடித்த சொரசொரப்பான தோல் அதை ஓரளவு தாங்குகிறது. இங்கே நாம் நடும் கிரனோலா இனக் கிழங்கை அந்த நம்பிக்கையில் சுண்ணாம்பில் புதைக்க நான் துணியமாட்டேன்.

அப்படியானால் அங்கே கிழங்கு எதனால் விளைகிறது? முதற் காரணம் துகளின் அளவு. மணலைவிட நுண்ணிய, களியைவிடப் பருத்த வண்டல் துகள்களே அந்த மண்ணில் மிகுதி. கையில் எடுத்தால் கோதுமை மாப்போல் இருக்கும். கல் குறைந்த அந்த மென்மையில் கிழங்கு நெரிபடாமல் பருக்கும். ஓர் அடி ஆழ மண், பயிருக்குப் பயன்படும் நீரை ஏறத்தாழ இரண்டு அங்குலம்வரை பிடித்து வைக்கும். மற்றக் காரணங்கள் மண்ணுக்கு வெளியே இருக்கின்றன: நீண்ட கோடைப் பகல், குளிர்ந்த இரவு, எல்லாவற்றுக்கும் மேலாக மலைப்பனி உருகி வரும் ஸ்நேக் ஆறு. 1905இல் மில்னர் அணை கட்டி முடிக்கப்பட்டு வாய்க்கால்களில் நீர் வரும்வரை அந்தச் சமவெளியின் பெரும்பகுதி சேஜ் புதர் மண்டிய வரண்ட தரைதான். ஆற்றை எடுத்துவிட்டு இரண்டு மண்ணையும் போட்டிக்கு நிறுத்தினால், நம் சரிவு எளிதில் வெல்லும். ஆற்றைத் திருப்பிக் கொடுத்தால், உருளைக்கிழங்குக்கு அவர்களுடையதே மேல் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தேயிலைக்கோ போட்டியே இல்லை. புளிப்பு மண்ணை நாடும் அந்தச் செடி போர்ட்நஃப் மண்ணில் வெளிறிச் சாகும்.

மாமாவின் காணொளியில் தெரியாத ஒன்று, அந்த மண் எவ்வளவு எளிதில் ஓடிப்போகும் என்பது. துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கக் களியும் குறைவு, உக்கலும் (மக்கிய இலைகுழைச் சத்து) குறைவு என்பதால், சால் வழியே நீர் பாய்ச்சும்போது நூற்றுக்கு ஒன்று என்ற சிறிய சாய்விலும் மண் நீரோடு கரைந்து போகிறது. நீர் வேகமாக நுழையும் மேல்முனையில் இழப்பு அதிகம். அங்கே மேல்மண் போய், ஆழத்தில் இருந்த வெள்ளைப் படை உழவில் புரண்டு மேலே வந்ததால், பல வயல்களின் தலைப்பகுதி வெளுத்தே போனது. வெளுத்த இடத்தில் விளைச்சல் குறைந்தது. பசளையைக் கூட்டியும் பழைய நிலைக்கு அது எளிதில் திரும்பவில்லை. மாட்டெரு இட்ட இடங்களே தேறின. கிம்பர்லி என்ற ஊரிலுள்ள அரச ஆய்வுகூடம் 1990களில், பாலிஅக்ரிலமைட் என்னும் பொருளை நீரில் மிகச் சிறிதளவு கலந்து பாய்ச்சினால் சால் அரிப்பு பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறையும் என்று காட்டியது. காணொளியில் மாமா வியந்த வெளுப்பின் ஒரு பகுதி இந்த இழப்பின் தழும்பாகவும் இருக்கக்கூடும்.

நம் மண் துகளுக்குத் துகள் அதைவிட உறுதியானது. இரும்பும் உக்கலும் அதைச் சிறு கட்டிகளாகப் பிடித்து வைக்கின்றன. ஆனால் நாம் அதை நிறுத்தியிருக்கும் இடம் பொல்லாதது. நிமிர்ந்த சரிவில், மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டு, ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை கிளறினால், எந்த ஒட்டும் அந்த மழைக்குத் தாங்காது. மகாவலி ஆற்றில் 1976இல் கட்டி முடிக்கப்பட்ட பொல்கொல்லை அணையின் பின்னால் படிந்த சேறு இந்த மலைகளிலிருந்து போனதுதான். தேயிலைத் தோட்டங்களில் நம் முன்னோர் சமவுயரக் கோட்டில் மழைநீர் வடியக் கான் வெட்டினார்கள். மரக்கறிக் காணியில் பலர் அந்தக் கானை இடம் வீண் என்று தூர்த்துவிட்டார்கள், என் மாமா உட்பட.

இடையில் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணையும் சொல்ல வேண்டும். ஏனெனில் அதுவும் சுண்ணப் பாறைமேல் கிடந்தபடி உருளைக்கிழங்கு தருகிறது. அங்கேயும் பயிரைக் காப்பது கிணற்று நீரும் எருவும்.

டொலமைட்டை முற்றாக விலக்கவும் நான் சொல்லவில்லை. நம் மண்ணின் பி.எச். 5க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து கிழங்கின் வேரைக் கருக்கும். அப்போது அளவோடு டொலமைட் இடுவது சரியான மருந்து, மக்னீசியமும் கூடவே கிடைக்கும். தேயிலையிலும் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துச் சுற்றோடு சேர்த்து அதை இடும் வழக்கம் உண்டு. மண்ணைப் பரிசோதித்து, கிழங்குக்கு 5.5ஐ ஒட்டி நிறுத்தினால் போதும். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு மூட்டையும் சொறிநோய்க்கு வழி திறப்பதோடு, ஐடஹோக்காரர் இன்றும் சமாளித்துக்கொண்டிருக்கும் தொல்லையை நாமே விலைக்கு வாங்குவதாகவும் ஆகும்.

மாமாவின் காணியில் எடுத்த மண் 5.3 காட்டியது. இரண்டாம் பங்கு டொலமைட்டுக்கு ஒதுக்கிய காசில் இப்போது மேல்வரம்பிலிருந்து பழைய கானைத் திரும்ப வெட்டிக்கொண்டிருக்கிறார்.