'அனிமல் ஃபார்ம்' மாணவர் பதிப்பு: கதைக்கு வாங்கலாம், நோட்ஸுக்கு வேண்டாம்

ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து 'அனிமல் ஃபார்ம்' படிக்கலாம் என்று முடிவு செய்தால், உடனே வருகிற கேள்வி எந்தப் பதிப்பை வாங்குவது என்பதுதான். பண்ணை மிருகங்கள் முதலாளி ஜோன்ஸை விரட்டிவிட்டு, பிறகு பன்றிகளின் ஆட்சியில் மாட்டிக்கொள்ளும் இந்த ஆங்கில நாவலை எழுதிய ஜார்ஜ் ஆர்வெல் 1950 ஜனவரியில் இறந்தார். நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 வருடம் போனதும் பதிப்புரிமை தீர்ந்துவிடும். ஆக 2011-லிருந்து யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அடிக்கவும் செய்கிறார்கள். ஆன்லைனில் தேடிப் பாருங்கள், பன்றி முகம் போட்ட அட்டைகள் வந்துகொண்டே இருக்கும். நான் எழுதப்போவது 140 ரூபாய்க்கு, 'மாணவர் பதிப்பு' என்ற முத்திரையோடு வரும் ஒன்றைப் பற்றி. பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். நான் புரட்டிப் பார்த்த மற்ற மாணவர் பதிப்புகளும் ஏறக்குறைய இதே வார்ப்புதான்.

கோவையில் சிங்காநல்லூர் பக்கம், வீட்டு மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் வாசிப்பு வகுப்பு நடத்துகிறேன். டியூஷன் கிடையாது, மார்க் கிடையாது. சிபிஎஸ்இ பிள்ளைகளும் கவர்ன்மென்ட் ஸ்கூல் பிள்ளைகளும் கலந்து வருவதால் 300, 400 ரூபாய்க்கு ஒரு புத்தகம் வாங்கச் சொல்ல மனசு வராது. அதனால் இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கதை முழுசாக இருக்கிறது, பத்து அத்தியாயமும் வெட்டாமல் குறைக்காமல். மிருகக் கதை, சின்னப் பிள்ளைகளுக்கானது என்று நினைத்துச் சுருக்கி எழுதிய பதிப்புகளும் சந்தையில் உண்டு என்பதால் வாங்கும் முன் இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்து கண்ணை உறுத்தவில்லை. தாள் மட்டம்தான். பென்சில் தாங்கும், ஹைலைட்டர் போட்டால் மறுபக்கம் ஊறிவிடும்.

வம்பு நோட்ஸில் இருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முன்னால் ஒரு பெட்டி கட்டி 'அத்தியாயச் சுருக்கம்' போட்டிருக்கிறார்கள். பின்னால் என்றாலும் பரவாயில்லை, முன்னால்! ஒன்பதாம் அத்தியாயத்தைத் திறந்ததுமே, உழைத்து உழைத்து விழுந்த பாக்ஸர் என்கிற குதிரையைக் கசாப்புக்காரனுக்கு விற்று, அந்தக் காசில் பன்றிகள் விஸ்கி வாங்கின என்று வந்துவிடுகிறது. அந்த இடத்தை ஆர்வெல் எப்படிக் கட்டியிருக்கிறார் என்று பாருங்கள். வண்டி வருகிறது. ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறது என்று மற்ற மிருகங்கள் நம்பி, கூடி நின்று வழியனுப்புகின்றன. படிக்கத் தெரிந்தும் வாயே திறக்காத கழுதை பெஞ்சமின், அன்றைக்குத்தான் ஓடிவந்து வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டுகிறது. படிக்கிற பிள்ளைக்கும் அந்த நொடியில்தான் தெரிய வேண்டும். என் வகுப்பில் பெட்டியைப் படிக்காமல் வந்த ஒரே ஒரு பெண், "மிஸ், அடிமாட்டுக்கா அனுப்பறாங்க?" என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். மற்றவர்கள் எல்லாம் தெரிந்த சமாச்சாரம் என்று பக்கத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் அந்த அட்டவணை. ஜோன்ஸ் என்றால் ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸ், தலைமைப் பன்றி நெப்போலியன் என்றால் ஸ்டாலின், அது துரத்திவிட்ட பன்றி ஸ்னோபால் என்றால் ஸ்டாலின் துரத்திய ட்ராட்ஸ்கி, நெப்போலியனுக்காகப் பேசும் பன்றி ஸ்க்வீலர் என்றால் பிரச்சாரத் துறை. இடதுபக்கம் கதாபாத்திரம், வலதுபக்கம் நிஜம். கடைசியில் 'பொருத்துக'. தகவல் தப்பில்லை. ரஷ்யாவில் 1917-க்கு அப்புறம் நடந்ததைத்தான் ஆர்வெல் எழுதினார். கதையில் வரும் காற்றாலைச் சண்டையில் வெடி வெடித்ததும் எல்லா மிருகங்களும் குப்புற விழுந்தன, நெப்போலியன் உட்பட என்று எழுதியிருந்ததை, புத்தகம் அச்சுக்குப் போகும் நேரத்தில் 'நெப்போலியன் தவிர' என்று மாற்றச் சொன்னவர் அவர். ஜெர்மன் படை நெருங்கியபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டு ஓடவில்லை, அந்த நியாயத்தைச் செய்துவிட வேண்டும் என்றார். அவ்வளவு கணக்காக எழுதியவர். ஆனால் பதினாலு வயதுப் பிள்ளை கையில் அட்டவணையை முதலிலேயே கொடுத்தால், விடை கிடைத்தாகிவிட்டது, இனி யோசிக்க ஒன்றுமில்லை. எங்கேயோ, எப்போதோ, யாரோ செய்த தப்பு என்று முடிந்துவிடுகிறது.

என் அனுபவத்தில் இந்தப் புத்தகம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது ஸ்டாலினை அல்ல, ஸ்க்வீலரை. அந்தப் பன்றி பேசும் ஒவ்வொரு பேச்சையும் நிறுத்தி நிறுத்திப் படிக்க வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் பாலும் ஆப்பிளும் பன்றிகளுக்கு மட்டும் என்று முடிவாகிறது. ஸ்க்வீலர் வந்து விளக்குகிறது: எங்களில் பல பேருக்குப் பாலும் ஆப்பிளும் பிடிக்கவே பிடிக்காது. மூளை வேலை செய்கிறவர்களின் உடம்புக்கு அவை தேவை என்று விஞ்ஞானம் சொல்கிறது. உங்களுக்காகத்தான் கஷ்டப்பட்டுச் சாப்பிடுகிறோம். நாங்கள் சுணங்கினால் ஜோன்ஸ் திரும்ப வந்துவிடுவான், அது உங்களுக்குச் சம்மதமா?

இதைப் படித்ததும் ஒரு பையன் கை தூக்கினான். "ஆப்பிள் உடம்புக்கு நல்லதுதானே மிஸ்? அது பொய் இல்லையே?" வகுப்பில் பாதிப் பேர் அவன் பக்கம். நான் ஒன்றும் சொல்லவில்லை. அரை மணி நேரம் அவர்களே அடித்துக்கொண்டார்கள். ஆப்பிள் நல்லது என்பது நிஜம். குதிரைக்கும் அது நல்லதுதானே, அதை ஏன் சொல்லவில்லை? பிடிக்காததை ஏன் பூட்டி வைத்துச் சாப்பிட வேண்டும்? ஜோன்ஸ் வருவதற்கும் ஆப்பிளுக்கும் என்ன சம்பந்தம்? கடைசிக் கேள்வியைக் கேட்டது அதே பையன். இந்தப் பத்திக்கு மாணவர் பதிப்பு கொடுத்திருக்கும் கேள்வி: 'பாலும் ஆப்பிளும் யாருக்கு ஒதுக்கப்பட்டன? ஒரு மதிப்பெண்.'

புள்ளிவிவரம் வாசிக்கும் இடமும் அப்படித்தான். ஒரு நீளக் காகிதத்தைக் காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, உற்பத்தி 200 சதவீதம், 300 சதவீதம், 500 சதவீதம் கூடியிருக்கிறது என்று ஸ்க்வீலர் படிக்கும். கணக்கில் கெட்டியான ஒரு பெண், "எதிலிருந்து கூடிச்சு மிஸ்? பழைய நம்பர் எங்கே?" என்றாள். புத்தகத்தில் பழைய நம்பர் கிடையாது. புரட்சிக்கு முன்னால் எப்படி இருந்தது என்று எந்த மிருகத்துக்கும் சரியாக ஞாபகமும் இல்லை. அதற்கப்புறம் அவள் பேப்பர் விளம்பரங்களில் சதவீதத்தை மட்டும் வட்டம் போட்டு எடுத்துவர ஆரம்பித்துவிட்டாள்.

அருஞ்சொல் பட்டியலையும் நம்ப வேண்டாம். முட்டையை விற்கக் கூடாது என்று கோழிகள் கலகம் செய்கிற இடத்தில், நெப்போலியன் தீவனத்தை நிறுத்துகிறது. ஐந்து நாள் தாக்குப் பிடிக்கின்றன, ஒன்பது கோழிகள் சாகின்றன. ரத்தக் கழிச்சலில் செத்தன என்று வெளியே சொல்கிறார்கள். பட்டியலில் அந்த நோய்க்கு 'ஒரு வகை நோய்' என்று எழுதி முடித்துவிட்டார்கள். அது பொய்க் காரணம் என்று கோடிகாட்டக்கூட இல்லை. பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் வீட்டுப் பையன் ஒருவன் இருந்ததால் பிழைத்தோம். "அந்த நோய் வந்தா எச்சத்துல ரத்தம் தெரியும் மிஸ். இதுங்க பட்டினில செத்திருக்கு" என்றான்.

முன்னுரைதான் இந்தப் பதிப்பின் ஆகப் பெரிய ஓட்டை. ஒரே பக்கம். 'கம்யூனிசத்துக்கு எதிரான நாவல்' என்று ஒரு வரியில் கடந்துபோகிறது. ஆர்வெல் தன்னை ஜனநாயக சோஷலிஸ்ட் என்று சொல்லிக்கொண்டவர் என்பது எங்கேயும் இல்லை. இதனால் எனக்கு ஒரு பஞ்சாயத்தும் வந்தது. ஒரு பெண்ணின் அப்பா மில் தொழிலாளி, சங்கத்தில் இருக்கிறவர். முன்னுரையைப் படித்துவிட்டு வந்து, "ஏனுங் டீச்சர், நம்ம கொடியத் திட்டற புஸ்தகத்தையா புள்ளைக்குச் சொல்லித் தர்றீங்க?" என்றார். ஸ்பெயின் கதையைச் சொன்னேன். அங்கே ராணுவக் கலகத்தை நடத்திய ஃப்ராங்கோவை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கி, 1937-இல் தொண்டையில் குண்டு வாங்கியவர் ஆர்வெல். அவர் இருந்த இடதுசாரிப் படையையே ஸ்டாலின் ஆட்கள் துரோகிகள் என்று சொல்லி வேட்டையாட, மனைவியோடு எல்லை தாண்டித் தப்பியவர். கூட நின்றவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிய பொய்யை நேரில் பார்த்த கோபம்தான் இந்தக் கதையில் இருக்கிறது. அந்த அப்பா அப்போது பதில் ஏதும் சொல்லவில்லை. மகள் முடித்ததும் வாங்கிப் படித்திருக்கிறார். "கோழிக பண்ணுனதுதானுங் சரியான ஸ்ட்ரைக்கு. தனியா நின்னுச்சுங்க, அதான் தோத்துச்சு."

முன்னுரையில் விட்டுப்போன இன்னொன்று, புத்தகம் வெளிவந்த கதை. 1944-இல் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு ஆர்வெல் பதிப்பாளர்களிடம் அலைந்தார். போரில் ரஷ்யா பிரிட்டனின் கூட்டாளி. ஒருவர் வேண்டாம் என்றார். இன்னொருவர் முதலில் சரி என்று சொல்லி, தகவல் அமைச்சக அதிகாரி ஒருவர் எச்சரித்ததும் பின்வாங்கினார். அந்த அதிகாரி சோவியத் உளவாளி என்பது பின்னால் வெளிவந்தது. ஃபேபர் நிறுவனத்தில் இருந்த கவிஞர் டி. எஸ். எலியட்டும் மறுத்துக் கடிதம் எழுதினார். கடைசியில் 1945 ஆகஸ்ட் 17-ஆம் தேதி, போர் முடிகிற நேரத்தில், செக்கர் அண்ட் வார்பர்க் வெளியிட்டது. எந்த அரசாங்க உத்தரவும் இல்லாமலே ஒரு புத்தகத்தை வாயடைக்க முடியும் என்பதைப் பற்றி ஆர்வெல் ஒரு முன்னுரையே எழுதிவைத்திருந்தார். அது 1972-இல்தான் அச்சில் வந்தது. உளவாளி சமாச்சாரத்தைச் சொன்ன அன்று யாரும் மணி பார்க்கவில்லை. இதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். இந்தப் பதிப்பு உங்களுக்கு உதவாது.

சும்மா சொல்லக் கூடாது, நோட்ஸில் உருப்படியான இரண்டு பக்கமும் உண்டு. 1920 மே 5-ஆம் தேதி மாஸ்கோவில் லெனின் மேடையில் பேசும் படம். பக்கத்துப் படிக்கட்டில் ட்ராட்ஸ்கி நிற்கிறார். கீழே அதே படம், பிற்பாடு திருத்தியது. படிக்கட்டு இருக்கிறது, ட்ராட்ஸ்கி இல்லை. எதிர்ப்பக்கத்தில் கால்வாய்க் கரையில் ஸ்டாலினோடு நடக்கும் ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவ், அவர் இருந்த இடத்தில் அப்புறம் வெறும் தண்ணீர். ஸ்னோபால் ஆரம்பத்திலிருந்தே துரோகி என்று ஸ்க்வீலர் மாற்றிச் சொல்லும் ஏழாம் அத்தியாயத்தோடு இதைச் சேர்த்துக் காட்டினேன். போனில் ஆளைத் தேய்த்து அழிக்கிற வேலை பிள்ளைகளுக்குத் தெரியும். மற்ற பிரதிகளையும் தேடிப்பிடித்து எப்படி மாற்றினார்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. நல்ல கேள்வி.

பின்னட்டையில் 1954-இல் வந்த கார்ட்டூன் படத்தைப் பார்க்கச் சிபாரிசு செய்கிறார்கள். புத்தகத்தை முடிக்கும் முன் காட்டாதீர்கள். அதற்குப் பணம் கொடுத்தது அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ. முடிவை மாற்றி, மிருகங்கள் மறுபடி எழுந்து பன்றிகளை வீழ்த்துவது போல வைத்திருக்கிறார்கள். புத்தகத்திலோ பன்றி எது, மனிதன் எது என்று முகம் பிரித்தறிய முடியாமல் மிருகங்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்பதோடு கதை நின்றுவிடும். முடித்த பின் போட்டால், யார் எதற்காக முடிவை மாற்றினார்கள் என்று தனியாக ஒரு வகுப்பே எடுக்கலாம்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். இரண்டு கதைக்கும் விலைக்கும், ஒன்று அந்தப் படங்களுக்கு. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் சுருக்கப் பெட்டிகள் மேல் ஸ்டிக்கி நோட் ஒட்டிவிட்டுப் பிள்ளை கையில் கொடுங்கள். இனிமேல் வாங்குகிறவர்கள் நோட்ஸே இல்லாத சாதாரணப் பதிப்பை எடுங்கள், இதைவிட விலை குறைவாகவே கிடைக்கிறது. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகளுக்கு க.நா.சு.வின் தமிழாக்கம் 'விலங்குப் பண்ணை' என்ற பெயரில் உண்டு. என் வகுப்பில் நான்கைந்து பேர் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தார்கள். பைண்டிங் பற்றிக் கேட்டால், பசைதான், தையல் இல்லை. நடுப்பக்கத்தை ரொம்ப விரிக்காதீர்கள்.