செவலையின் பிரான்சுப் பயணமும் லாசுப்பேட்டை கால்நடை மருத்துவமனையும்

அக்கா குடும்பத்துடன் பாரிசுக்குக் குடிபெயர முடிவானதும், கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவர் வளர்த்த நாட்டு நாய் செவலையையும் உடன் அழைத்துச் செல்வதற்காகப் புதுச்சேரி லாசுப்பேட்டையில் உள்ள ஒரு சிறிய கால்நடை மருத்துவமனையை நாடினோம். அதற்கு முன்பு சென்ற வேறோர் இடத்தில் வெறிநோய்த் தடுப்பூசியை முதலில் போட்டுவிட்டு, பத்து நாள் கழித்தே அடையாள எண் கொண்ட மைக்ரோசிப்பைத் தோலுக்கடியில் பொருத்தியிருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சிப் பொருத்திய அன்றோ அதன் பிறகோ போட்ட ஊசியே கணக்கில் சேரும் என்பதால் பழைய ஊசி செல்லாது என்பதை, தடுப்பூசி அட்டையைப் பார்த்தவுடனேயே லாசுப்பேட்டை மருத்துவர் எடுத்துச் சொன்னார்.

மறுபடியும் ஊசி போட்டு, அது போதிய எதிர்ப்பாற்றலைத் தந்ததா என்று சோதிக்க 30 நாள் கழித்து ரத்தம் எடுத்தார்கள். எடுப்பதற்கு முன் சிப்பைக் கருவியால் படித்து, 15 இலக்கங்களையும் வாய்விட்டுச் சொல்லி, குழாயின் மேலும் படிவத்திலும் எழுதியதை அக்காவிடமும் சரிபார்க்கச் சொன்ன அக்கறையை மறக்க முடியாது. ஓர் இலக்கம் பிசகினாலும் நாயை விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். ரத்தத்திலிருந்து சீரத்தை (தெளிந்த நீர்ப்பகுதியை) பிரித்துக் குளிர்பெட்டியில் வைத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எதிர்ப்பாற்றல் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 அலகுக்குக் குறையக் கூடாது, செவலை தேறிவிட்டது.

இவ்வளவும் முடிந்த பிறகும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பதில் அக்காவுக்கு மிகுந்த வருத்தம். சோதனையில் தெரியும் எதிர்ப்பாற்றல் ஊசியால் வந்ததா, ஏற்கெனவே உடலில் புகுந்த கிருமியால் வந்ததா என்பதைப் பிரித்தறியும் காலம் அது என்றும், நோய் உள்ளே இருந்தால் அதற்குள் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும் என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். காரணம் புரிந்த பின் அந்தக் காத்திருப்பு எங்களுக்குத் தண்டனையாகத் தெரியவில்லை.

ஒரே குறை, சீரத்தை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே அனுப்புகிறார்கள் என்பதை முன்பே சொல்லாததால் ஒரு வாரம் வீணானது. இறுதிச் சான்றிதழுக்குச் சென்னையிலுள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்துக்கு நாமேதான் செல்ல வேண்டும். ஒன்றியத்துக்குள் நுழைவதற்கு முந்தைய 10 நாட்களுக்குள் அது பெறப்பட்டிருக்க வேண்டும்.

பயணத்துக்குக் குறைந்தது ஐந்து மாதம் முன்பே இங்கு செல்லுங்கள். செல்லும்போது பழைய தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.