காபிப் பழமா, படிவயல் நெல்லா?

சேலத்துக்காரர்களுக்கு மலையில் அறுவடை பார்க்க ஆசை வந்தால் ஏற்காடா, கொல்லிமலையா?

ஏற்காடு கூப்பிடு தூரம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறிவிடலாம். கார்த்திகை முதல் தை வரை அராபிகா வகைக் காபி பழுக்கும். ஒரே கிளையில் பச்சையும் சிவப்பும் கலந்திருப்பதால், பழுத்ததை மட்டும் பறித்துவிட்டு மறுபடி வருவார்கள். எஸ்டேட்டுக்குள் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும்.

கொல்லிமலைக்கு அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 வளைவுகள். வயிற்றைப் பிரட்டும், உண்மைதான். மேலே போனால் சரிவுகளில் சாமை, கேழ்வரகு. பள்ளத்தில் படிப்படியாக நெல். மேல்வயலில் நிறைந்த தண்ணீர் கீழ்வயலுக்கு வழிகிறது. அந்தக் குறுகிய வயல்களில் பெரிய அறுவடை இயந்திரம் திரும்ப இடமேது? கதிர் அரிவாள்தான். மலையாளிப் பழங்குடி மக்கள் கட்டிக் காத்துவரும் வரப்பு அது, மிதித்து உடைத்துவிடாதீர்கள். அறுப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓரமாக நின்று பாருங்கள்.

சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் கூட வந்தால் ஏற்காடே போதும். மற்றபடி என் மனசு கொல்லிமலைப் பக்கம்தான். மலைமேல் உள்ள செம்மேட்டில் ஓர் இரவு தங்கி, பனி விலகும் நேரத்தில் வயலுக்கு நடந்து போங்கள். ஸ்வெட்டர் மறக்காதீர்கள்.